பந்தின் மூக்கைத் திருப்பியது யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் கடைசியில், குளிர் நன்றாக இறங்கிய பிறகு, ஸ்டாக் பௌல் என்றொரு போட்டி நடக்கும். மூன்றாம் பிரிவு எனப்படும் சிறிய கல்லூரிகளின் இறுதிப்போட்டி அது. விளையாட்டுத் திறமைக்காக யாருக்கும் உதவித்தொகை தரக் கூடாது என்பது இந்தப் பிரிவின் விதி. வகுப்புக்கும் போய், தேர்வும் எழுதி, ஆட்டத்தின் மேலுள்ள ஆசையால் மட்டுமே இந்த மாணவர்கள் களம் இறங்குகிறார்கள். அதனாலேயே எனக்கு இந்தப் போட்டியின் மேல் தனிப் பிரியம்.

இந்தப் பிரிவின் முதல் இறுதிப்போட்டி 1973-இல் அலபாமா மாநிலத்தில் நடந்தது. விட்டன்பெர்க் அணி ஜூனியாட்டா அணியை 41-0 என்று வென்றது. 1993 முதல் 2017 வரை வர்ஜீனியாவின் சேலம் நகரம்தான் இதற்குத் தாய்வீடு. ஒஹாயோவின் சிறிய ஊரான அலையன்ஸில் உள்ள மவுண்ட் யூனியன் அணி 13 முறை கோப்பையை வென்றிருக்கிறது!

போட்டிக்குப் பெயர் தந்த அமோஸ் அலொன்ஸோ ஸ்டாக் 102 வயது வரை வாழ்ந்த பயிற்சியாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 40 ஆண்டுகள் பயிற்சி தந்தார். அங்கே அவர் பெயரில் இருந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று, இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் தொடர் அணுக்கருப் பிளவை நடத்திக் காட்டியது. அறிவியல் படிக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆனால் இன்றைக்கு நம் கேள்வி பந்தைப் பற்றியது.

அந்தப் பந்து உருண்டை அல்ல. இரண்டு முனையும் கூராக, ஏறக்குறைய 28 செ.மீ. நீளம், 400 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான எடை. கதகதப்பான அறையில், 21 டிகிரி வெப்பநிலையில், சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம் வரும்படி காற்றடித்து, 0 டிகிரிக் குளிரில் வெளியே வைத்தால் அழுத்தம் ஏறக்குறைய 11 ஆகிவிடும். யாரும் காற்றைத் திறந்துவிடவில்லை. குளிர்ந்த காற்றின் மூலக்கூறுகள் மெதுவாக ஓடுவதால் உட்சுவரில் மோதும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான்.

பந்தை முன்னோக்கி வீசுவதற்கு விதிகள் 1906-இல்தான் இடம் கொடுத்தன. இன்று அதுவே ஆட்டத்தின் உயிர். குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரர் தையல் கயிற்றின் மேல் விரல் பதித்து, கையிலிருந்து விடும்போது பந்தைச் சுழற்றிவிடுகிறார். நொடிக்குச் சுமார் 10 சுற்று. சுழற்சி இல்லாவிட்டால் பந்து காற்றில் குட்டிக்கரணம் போடும். அகலப் பக்கம் காற்றுக்குக் குறுக்கே வரும்போதெல்லாம் வேகம் விழும். சுழலும் பொருளோ தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. இதற்குக் காரணமான அளவைக் கோண உந்தம் என்கிறோம்.

இங்கேதான் ஒரு புதிர். அச்சு திசை மாறாது என்றால், மூக்கை, அதாவது முன்முனையை, மேலே தூக்கியபடி புறப்பட்ட பந்து, மூக்கை மேலே தூக்கியபடியே கீழே வந்து இறங்க வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. பாதை வளைய வளைய மூக்கும் கூடவே சாய்ந்து, இறங்கும்போது தரையைப் பார்க்கிறது. யார் திருப்பினார்கள்?

காற்றுதான். ஆனால் நேர் வழியில் அல்ல. ஈர்ப்பு பாதையைக் கீழே வளைத்ததும் மூக்கு பாதைக்குச் சற்று மேலே நிற்கிறது. எதிர்க்காற்று அதை இன்னும் மேலே தள்ளப் பார்க்கிறது. சுழலும் பொருளைத் தள்ளினால் அது தள்ளிய திசையில் போகாது, அதற்குக் குறுக்கே நகரும். சாய்ந்த பம்பரம் உடனே விழாமல் தலையைச் சுற்றி ஆட்டுகிறதே, அதே கதை. வலது கைக்காரர் வீசிய பந்தின் மூக்கு முதலில் வலப்பக்கம் நகர்கிறது. இப்போது காற்று அதை வலப்பக்கம் தள்ள, மூக்கு கீழே நகர்கிறது. இப்படி மூக்கு பாதையைச் சுற்றிச் சுற்றி வருவதால், பாதை போகும் பக்கமே சாய்ந்துகொண்டு போகிறது. ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ், டிமோதி கே என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2020-இல் இதைக் கணக்குப் போட்டுத் தெளிவாக எழுதினார்கள். பந்து கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவதற்கும் இதுவே காரணம். காற்றில்லாத நிலாவில் ஸ்டாக் பௌல் நடந்தால், எவ்வளவு அழகாக வீசினாலும் பந்து மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கும்.

தள்ளினால் குறுக்கே நகரும் என்பதை நம்புவது கடினம். அதனால் கையால் உணர்ந்து பாருங்கள். கழற்றிய சைக்கிள் முன்சக்கரம் ஒன்றின் அச்சை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு அதை ஒரு பக்கம் சாய்க்க முயலுங்கள். ஆரக்கால்களுக்குள் விரல் போகாமல் கவனம். சக்கரம் எந்தப் பக்கம் திமிறியது என்று எங்களுக்கு எழுதுங்கள்.