சதுர வளையத்தின் வேலை

வீட்டு வாசலில் காரின் பிரேக் பேடு மாற்ற உட்காருகிறவருக்குத் தேவைப்படும் சாமான்கள் அதிகமில்லை. ஜாக்கி, இரும்பு ஸ்டாண்டு, வீல் ஸ்பேனர், சாக்கெட் செட், ஒரு துண்டுக் கம்பி, பிறகு ஒரு சி-கிளாம்ப். மற்றவை எதற்கென்று பார்த்தாலே தெரியும். ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்கத் தச்சர் வைத்திருக்கும் கிளாம்புக்கு இங்கே என்ன வேலை?

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் இரண்டரை லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்க அது போதும். பிரேக் பிடித்தால் அதில் பெரும்பகுதி சில நொடிகளில் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் பேடு துளித்துளியாகத் தேய்கிறது. புதிதில் 10 மி.மீ. அளவில் இருந்த உராய்வுப் பட்டை 3 மி.மீ. ஆனால் மாற்றிவிட வேண்டும்.

இத்தனை தேய்ந்தும் ஓட்டுகிறவர் காலுக்கு அது தெரிவதில்லை. பெடல் அன்று பிடித்த இடத்திலேதான் இன்றும் பிடிக்கிறது. பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் வளையம்தான் காரணம். வெட்டிப் பார்த்தால் அதன் முகம் சதுரமாக இருக்கும். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் முன்னே வரும்போது, வளையம் அதை விடாமல் பற்றியபடி கொஞ்சம் சாய்கிறது. காலை எடுத்ததும் நிமிர்கிறது; நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுக்கிறது. பேடின் அழுத்தம் டிஸ்க்கை விட்டு நீங்க அந்த மயிரிழை போதும். பேடு தேய்ந்து பிஸ்டன் இன்னும் முன்னே போக வேண்டி வந்தால், வளையத்தின் பிடி வழுக்கி, பிஸ்டன் புது இடத்தில் நிலைகொள்கிறது. ஸ்பிரிங் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு ரப்பர் துண்டு இதைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்படி வெளியே வந்துவிட்ட பிஸ்டனை உள்ளே அனுப்பத்தான் சி-கிளாம்ப். பிஸ்டன் உள்ளே போனால்தான் தடித்த புதுப் பேடுக்கு இடம் கிடைக்கும். பழைய பேடைப் பிஸ்டன் முகத்தில் வைத்து மெதுவாகத் திருக வேண்டும். திருகத் திருக, பானட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். வழிய விடாதீர்கள், பெயிண்டை அரித்துவிடும். சில கார்களின் பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கும் அதே பிஸ்டனோடு சேர்ந்திருக்கும். அங்கே கிளாம்ப் ஆகாது. பிஸ்டனைச் சுழற்றியே உள்ளே ஏற்றும் தனிக் கருவி வேண்டும்.

துண்டுக் கம்பி காலிப்பரைக் கட்டித் தொங்கவிட. அதன் பாரம் ஆயில் ஹோஸில் விழக் கூடாது.

ஸ்டாண்டை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் பிரேக்கைப் போலவே, அடைபட்ட திரவம் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தும் என்ற பாஸ்கல் விதியில்தான் இயங்குகிறது. அதன் சீல் கசிந்தால் கார் இறங்கிவிடும். தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்டு.

எல்லாம் மாட்டி முடித்தபின் முதல் மிதியில் பெடல் அடிவரை போகும். பிஸ்டன் இன்னும் உள்ளேயே இருப்பதுதான் காரணம். பெடல் கெட்டியாகும் வரை திரும்பத் திரும்ப மிதியுங்கள். அதுவரை வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்.