பொன்வண்டின் மேல் விழும் வெளிச்சம்

மேக்ரோ புகைப்படக் கலையில் நாட்டங்கொண்டு சாதனங்கள் வாங்கப் புறப்படுகிறவர்கள், பெரும்பாலும் லென்ஸைப் பற்றி மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு, ஃபிளாஷை மட்டும் மிஞ்சிய பணத்துக்குத் தக்கபடி வாங்கிக்கொள்ளுகிறார்கள். ஒளியைப் பற்றிய யோசனையே முதலில் வரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பொருளின் உருவத்தை அதன் உண்மை அளவிலேயே சென்சாரின் மீது விழச்செய்வதுதான் மேக்ரோ லென்ஸின் இலட்சணம். 60 மில்லிமீட்டர் லென்ஸ் கைக்கு இலகுவானதாயினும், அந்த அளவு கிட்டும் வேளையில் பூச்சிக்கு வெகு சமீபத்தில் சென்று அதை மிரட்டுவதோடு வெளிச்சத்தையும் மறைத்துவிடும். 180 மில்லிமீட்டர் லென்ஸ் தாராளமான இடைவெளி தருமாயினும் அதன் பளுவும் விலையும் அதிகம். ஆகவே, முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் இடம்விடும் 100 மில்லிமீட்டர் லென்ஸே பெரும்பாலோருக்கு உகந்தது. அதற்கு வசதியில்லாதவர், கைவசமுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே அதே 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் பொருத்தினாலே உண்மை அளவு கிடைத்துவிடும். உள்ளே கண்ணாடி ஏதுமில்லாத வெற்றுக் குழலாகையால் அதன் விலையும் சொற்பம்.

ஒளியின் விஷயம் இத்தனை சுலபமன்று. ஃபுல் ஃபிரேம் காமிராவில், உண்மை அளவில், எஃப் 11 வரை அபெர்ச்சரைச் சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அத்தனை நெருக்கத்தில் சென்சாரை அடையும் ஒளியும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், மர நிழலில் இயற்கை வெளிச்சத்தை மாத்திரம் நம்பிக் கையில் காமிராவுடன் நிற்பவருக்குக் கிட்டுவது கலங்கிய படமே. ஃபிளாஷோ, சக்தியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்து வைத்தால் ஏறத்தாழ 1/10,000 விநாடியே மின்னி மறைவதால், கையின் நடுக்கமும் பூச்சியின் அசைவும் படத்தில் பதியாமலே போய்விடுகின்றன.

ஆனால், அந்த ஒளியை அப்படியே பாய்ச்சினால் பொன்வண்டு படும் பாட்டைப் பார்க்க வேண்டும்! அதன் பச்சை சாயத்தால் அமைந்ததன்று. மேலோட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. சிறிய ஃபிளாஷின் ஒளி ஓர் இடத்தில் மாத்திரம் வெள்ளைப் பொட்டாகத் தெறிக்க, அந்த அழகிய ஓட்டின் மற்றப் பகுதியெல்லாம் கருத்துக் கிடக்கும். பல் மருத்துவர்கள் வாயின் உட்புறத்தைப் படமெடுக்கப் பயன்படுத்தும் ரிங் ஃபிளாஷ் நிழலைப் போக்குமேயன்றி இந்தக் குறையைப் போக்காது. சிலந்தியின் கண்ணில் வளையத்தையே பதித்துவிடும். ஃபிளாஷை லென்ஸின் முகப்புக்கு மேலாக நீட்டி, அதன் முன் அகன்ற டிரேசிங் தாளையோ வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டையோ டிஃப்யூசராக வளைத்துப் பொருத்தி, அதைப் பூச்சிக்கு எட்டுமட்டும் அண்மையில் கொண்டுவருவதே பரிகாரம்; அகலமும் அண்மையும் சேர்ந்தால்தான் ஒளி மென்மையாகும்.

பொருத்திய அமைப்பைப் பரீட்சிக்க எவர்சில்வர் கரண்டியின் முதுகு போதும். அதில் தெரியும் வெண்மை ஓரங்களில் மெல்லக் கரைந்து அகலப் பரவியிருந்தால் தோட்டத்துக்குப் புறப்படலாம். கூரிய புள்ளியாக நின்றால் டிஃப்யூசரை இன்னும் அகலமாக்கி, மேலும் நெருக்கமாக இறக்கவேண்டும்.