லைன் வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு!
சயனைடு மண்ணைத் தொடாமல் சாக்குப் பையில் பயிரிடும் முறை

மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் தோட்டம் போட இடம் ஏது? முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு மறைப்பு, அவ்வளவுதான். ஆனாலும் அந்த வாசலில் இரண்டு சாக்குப் பைகளை நிறுத்தி வைக்க இடம் இருந்தால் போதும், உருளைக்கிழங்கு பயிரிட்டு விடலாம்.

உருளைக்கிழங்கு நம் வட்டாரத்துக்குப் புதிது அல்ல. கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கத்து விவசாயிகள் அதை ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தாலும் பனிக்காலத்தில் இரவு நன்றாகக் குளிர்ந்து விடும். அந்தக் குளிர்தான் இந்தப் பயிருக்கு வேண்டும். இரவுச் சூடு 20 டிகிரிக்கு மேல் போனால் செடி தழைக்குமே தவிர, கிழங்கு சரியாகப் பிடிக்காது. ஆகவே ஐப்பசிக் கடைசியில் அல்லது கார்த்திகையில் நட்டு, தை, மாசியில் எடுப்பது நல்லது.

மண் விஷயத்தில் உஷார்!

சாக்குப் பை என்று சொல்வதற்கு இடப் பஞ்சம் மட்டும் காரணம் அல்ல. 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றது முதல், 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது வரை, பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்தார்கள். மிச்சமான கழிவைக் கொட்டினார்கள். அதுதான் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கும் சயனைடு மேடு. எல்லாமாகச் சேர்ந்து 3 கோடி டன்னுக்கு மேல்.

பார்ப்பதற்கு நைசாக, சலித்த மணல் போல இருக்கிறதே என்று அதை அள்ளி வந்து செடி வைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அது மண்ணே அல்ல. வெறும் கல்மாவு. மக்கு என்பது அதில் அறவே கிடையாது. தண்ணீர் ஊற்றினால் இறுகிப் போகும். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்து விடும் என்பது உண்மையே. ஆனால் பாறையோடு வந்த உலோகங்கள் எங்கேயும் போவதில்லை. அவரைக்காய் கொடியில் தொங்குகிறது. உருளைக்கிழங்கோ மூன்று மாதமும் மண்ணுக்குள்ளேயே கிடந்து வளர்கிறது. ஆடிக் காற்றில் பறந்து வந்து வாசலில் படிவதும் அதே தூள்தான் என்பதால், மேட்டை ஒட்டிய லைன்களில் தரையில் நடுவதும் வேண்டாம்.

மேடுகளுக்கு எட்டாத கிராமத்து வயலிலிருந்து செம்மண் கொண்டு வாருங்கள். இரண்டு கூடை செம்மண்ணுக்கு நன்றாக மக்கிய சாண எரு ஒரு கூடை, மணல் ஒரு கூடை கலக்கவும். பச்சைச் சாணம் கூடாது. அடுப்புச் சாம்பல் ஒரு கை போதும், மிஞ்சினால் கிழங்குத் தோலில் சொறி விழும்.

விதைக்கிழங்கு

தோண்டி எடுத்த புதுக்கிழங்கு உடனே முளைக்காது. இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கிய பிறகுதான் கண் திறக்கும். கோழிமுட்டை அளவுள்ள, முளை விட்ட கிழங்கை முழுசாக நடுவது உத்தமம். பெரிய கிழங்காக இருந்தால், துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, ஒரு நாள் நிழலில் உலர்த்திய பிறகு நடலாம்.

1968-ல் வெளிவந்த ‘குப்ரி ஜோதி’ ரகத்தை கர்நாடக விவசாயிகள் வெகுகாலமாகப் பயிரிட்டு வருகிறார்கள். அதற்கு விதை பஞ்சாப் மாநிலம் ஜலந்தரிலிருந்து வருகிறது. இவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு? வைரஸ் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி, அங்கே குளிர்காலத்தில் குறைவு. மார்க்கெட்டில் வாங்கிய கிழங்கை ஒரு தடவை நட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதில் விளைந்ததையே வருஷா வருஷம் விதையாக வைத்தால் இலை சுருண்டு, விளைச்சல் தேய்ந்து விடும்.

நடும் முறை

25 கிலோ அரிசிப் பையின் அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டிப் பாதியாக்கவும். ஒரு சாண் உயரம் மண் நிரப்பி, மூன்று கிழங்கு வைத்து, நாலு விரல் மண் மூடவும். செடி ஒரு அடி வளர்ந்ததும் சுருட்டை அவிழ்த்து, பாதிச் செடி மூடும் அளவுக்கு இன்னும் மண் போட வேண்டும். கிழங்கு வேரில் பிடிப்பதில்லை. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனியில்தான் திரளுகிறது. அதன்மேல் வெளிச்சம் படக்கூடாது.

மண்ணை உயர்த்திக்கொண்டே போனால் பை நிறையக் கிழங்கு விழும் என்று சொல்பவர்கள் உண்டு. நம்ப வேண்டாம்! செடிக்கு அரைக் கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல். இரண்டு பைக்கு மூன்று கிலோ என்று வைத்துக் கொள்ளலாம்.

தண்ணீர் அருமையான ஊரில் அரிசி களைந்த தண்ணீரையும் வீணாக்க வேண்டியதில்லை. விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும். சோப்புத் தண்ணீர் ஆகாது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் விட்டு விடலாம். காலையில் ஊற்றுவதே நல்லது. இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் நோய் வரும்.

விடாத தூறலும் மூடுபனியும் சேர்ந்தால் இலையில் கருந்திட்டு விழுந்து, அடியில் வெள்ளையாகப் பூசணம் படரும். இது பின்கருகல் நோய். 1845-ல் அயர்லாந்தில் புகுந்து, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேரைப் பலி கொண்டது இதுவேதான். கண்டவுடன் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்து விடுங்கள். பக்கத்துப் பையாவது தப்பும்.

பச்சைக் கிழங்கு விஷம்

90 நாளுக்கு மேல் இலை பழுக்கும். தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பையைக் கவிழ்த்துக் கிழங்கைப் பொறுக்கவும். வெயில் பட்டுப் பச்சை நிறம் ஏறியதைத் தாய்மார்கள் குழம்பில் போடக்கூடாது. அதிலுள்ள ‘சோலனின்’ என்ற விஷம் வேக வைத்தாலும் போகாது. சில செடிகளில் சின்னத் தக்காளி போலக் காய் தொங்கும், அதுவும் விஷம். பிள்ளைகள் பறிக்காமல் பார்த்துக் கொள்ளவும். தழையை ஆட்டுக்கும் போட வேண்டாம்.

பையில் மிஞ்சிய மண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் உருளைக்கிழங்கின் சொந்தக்காரர்கள், நோயும் ஒன்றே. ஆகவே அவற்றை விட்டு, கொஞ்சம் எரு சேர்த்துக் கீரையோ அவரையோ போடலாம்.