வெறுவெளியும் காந்தமும்

சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரம் காந்தத்தின்முன் நின்ற இரும்பை உவமையாகக் கூறும். தொடாத இரும்பைக் காந்தம் எங்ஙனம் ஈர்க்கின்றது? இடையிலுள்ள காற்றே காரணம் எனலாகாது. காற்றை அகற்றிய கண்ணாடிக் கலத்தினுள்ளும் ஈர்ப்பு நிகழ்கின்றது.

விடைக்கு வழி திறந்தவர் மைக்கேல் பரடே. நூல் கட்டும் தொழில் பயின்ற அவருக்குக் கணிதப் பயிற்சி மிகக் குறைவு. தாளின்மீது தூவிய இரும்புத்தூள் காந்தத்தைச் சூழ வளைகோடுகளாய் அணிவகுத்தலைக் கண்டு, அவ்வெளியே ஒரு தன்மை பெறுகின்றது எனத் துணிந்தார். அதுவே காந்தப்புலம். இரும்பு தொலைவிலுள்ள காந்தத்துக்கு அன்று, தான் நிற்கும் இடத்துப் புலத்துக்கே இணங்குகின்றது.

‘இது பெயர் மாற்றமேயன்றி விளக்கம் அன்று’ என மாணவர் தடை நிகழ்த்துவர். தக்க தடையே. அதற்கு விடை காலத்தில் உளது. புலத்தில் எழும் மாற்றம் ஒளியின் வேகத்தில், செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும் என்பது 1865இல் மக்ஸ்வெல் வெளியிட்ட கணிதத்தின் முடிபு. 1888இல் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கி அதனை மெய்ப்பித்தார். திங்களில் ஒரு காந்தத்தை அசைப்பின், அதன் விளைவு ஈண்டு வந்தெய்த 1.3 செக்கன் ஆகும். அவ்விடைக்காலத்தில் அம்மாற்றம் காந்தத்திடத்தும் இல்லை, இரும்பினிடத்தும் இல்லை, புலத்தின்கண் உளது.

அப்புலத்தைத் தாங்க ஈதர் என்றொரு நுண்பொருள் வேண்டும் என மக்ஸ்வெல் கருதினார். 1905இல் ஐன்ஸ்டைன் அதனையும் வேண்டாததாக்கினார்.