மானியமும் 'விவசாயி' என்ற சொல்லும்

மானியம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு பழைய பொருள் உண்டு: வரியில்லாமல் அனுபவிக்க விடப்பட்ட நிலம். இன்று அரசு தரும் உதவித்தொகையையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். அமெரிக்கப் பண்ணை மானியத்தின் வரலாற்றைப் படிக்கும்போது பழைய பொருளே பொருத்தமென்று எனக்குப் படுகிறது. அங்கே பணம் உழைப்பைத் தேடிப் போனதில்லை. நிலத்தைத் தேடித்தான் போயிருக்கிறது.

1933இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, ரூஸ்வெல்ட் அரசு வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தர்க்கம் எளிமையானது. பருத்தி விலை விழுந்துவிட்டது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். எனவே சாகுபடியைக் குறைப்பவருக்கு அரசு பணம் தரும். அந்தக் கோடையில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி, வளர்ந்து நின்ற நிலையிலேயே, உழுது அழிக்கப்பட்டது. சரி, பணம் யார் கைக்குப் போச்சு? பெரும்பாலும் நிலவுடைமையாளர் கைக்கு. வாரத்துக்கு உழுதவர்கள்?

1934-35க்கான பருத்தி ஒப்பந்தம், குத்தகையாளர் எண்ணிக்கையை 'இயன்றவரை' குறைக்க வேண்டாமென்று உடைமையாளரைக் கேட்டுக்கொண்டது. இந்த ஒற்றைச் சொல்லில்தான் சட்டத்தின் அரசியல் முழுதும் ஒளிந்திருக்கிறது. 'என்னால முடியலை' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாரக்குடிகள் வெளியேற்றப்பட்டனர், மானியப் பணத்தில் டிராக்டர் வந்தது. 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரன்சாவில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் கண்டார்கள். அந்த விதியை வாரக்குடிகளுக்குச் சாதகமாக விளக்க முனைந்த அரசுச் சட்ட அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் வேலையை இழந்தார்கள்.

இதன் தொடர்ச்சியை மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃப்ளவர் கவுண்டியில் பார்க்கலாம். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு. செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பருத்திப் பண்ணை அங்கேதான். 1960களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் அது மானியம் பெற்றது. அதே கவுண்டியில் வேறொரு பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்தவர் ஃபேனி லூ ஹேமர். வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962இல் அங்கிருந்து துரத்தப்பட்டார். அரசின் ஏட்டில் முன்னவர் 'விவசாயி'. பின்னவருக்கு ஏட்டில் இடமே கிடையாது. 1969இல் ஹேமர் நன்கொடை திரட்டித்தான் கூட்டுறவுப் பண்ணை தொடங்க வேண்டியிருந்தது.

1970இல் ஒரு பயிருக்கு ஒருவருக்கு 55,000 டாலர் என்று உச்சவரம்பு வந்தது. என்ன நடந்திருக்கும் என்று நிலச் சீர்திருத்தம் பார்த்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே பண்ணை உறவினர்கள் பெயரில் காகிதத்தில் பல பண்ணைகளானது. 1996 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. நிலத்தின் பழைய சாகுபடிக் கணக்கை வைத்தே பணம். இந்த வருஷம் பயிர் போட்டாலும் போடாவிட்டாலும் கிடைக்கும். அந்த நேரடித் தொகையை 2014இல் நிறுத்தினார்கள். ஆனால் 'அடிப்படை ஏக்கர்' என்ற கணக்கு இன்றும் நிற்கிறது.

மானியமே கூடாது என்பதல்ல என் வாதம். மானியம் உழைப்பைக் காக்கவும் முடியும். ஆனால் விலை வீழ்ச்சி, வறட்சி, சிறு விவசாயியின் கண்ணீர் என்று ஒவ்வொரு முறையும் நம்முன் நீட்டப்படும் சித்திரம் ஒன்று. ஏட்டில் ஏறும் பெயர் வேறொன்று. எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன், 'விவசாயி' என்று எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.