பலாச்சுளையும் சாமை மாவும்: முட்டை, பால் இல்லாத பழைய பழக் கேக்

கடையில் விற்கும் பாக்கெட் கேக் ஒன்றை எடுத்து, அதன் உறையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மைதா, சர்க்கரை, தாவரக் கொழுப்பு, முட்டை அல்லது பால் பவுடர், நிறமி, மணமூட்டி. இதில் எது நம்ம காட்டில் விளைந்தது? ‘பழக் கேக்’ என்று பெயர் போட்டிருந்தாலும், உள்ளே சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் துண்டுகள் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய பப்பாளிக்காய்தான். பழத்துக்குப் பெயர் இருக்கு, பழம் இல்லை.

இன்றைக்குக் கிராமங்களிலும் கேக் வெட்டாத பிறந்தநாள் குறைவு. பிள்ளைகளிடம் போய் “கேக் எல்லாம் வேண்டாம்” என்று பிரசங்கம் செய்தால் எடுபடாது. வீட்டிலேயே, நம்ம விளைச்சலை வைத்தே, நல்ல கேக் ஒன்று சுட்டுக் கொடுத்தால் எடுபடும். அதற்கு முட்டை வேண்டாம், பால் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். வாங்கிய மைதாவும் வேண்டாம். பழக் கேக்குக்கு உயிர் கொடுப்பது பழம். அந்தப் பழம் நம்ம கையில் இருக்கு.

கள்ளக்குறிச்சி சீமையையே பாருங்கள். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பகுதி இது. கீழ்நாட்டில் கரும்பு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். கூடவே மரவள்ளி, நிலக்கடலை, வாழை. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினால், கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமை, கேழ்வரகு. பலா, புளி, கடுக்காய், தேன். மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில், கருமந்துறையில் அரசே பழப்பண்ணை நடத்துகிறது.

இவ்வளவும் இருந்து என்ன பயன்? கரும்பு ஆலைக்குப் போகிறது. மரவள்ளி சேகோ ஆலைக்குப் போகிறது. பலாப்பழம் ஒரே சமயத்தில் பழுத்துக் கொட்டி, கேட்பாரில்லாமல் மரத்தடியிலேயே அழுகுகிறது. அப்புறம் அதே சர்க்கரையையும் மாவையும் பாக்கெட்டில் அடைத்து, நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக்கே கொண்டுவந்து விற்கிறார்கள். விற்றபோது விலை சொன்னவர் நாம் இல்லை. வாங்கும்போதும் நாம் இல்லை.

பஞ்சத்தில் பிறந்த கேக்

முட்டையும் வெண்ணெயும் இல்லாமல் கேக் வராது என்பது பேக்கரிகள் வந்த பிறகு படிந்த எண்ணம். முதல் உலகப் போர் நடந்தபோது, 1917, 1918 வாக்கில், அமெரிக்காவில் கோதுமையையும் கொழுப்பையும் சர்க்கரையையும் படைகளுக்கும் நேச நாடுகளுக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. வீடுகளில் ‘கோதுமையில்லா நாள்’, ‘இறைச்சியில்லா நாள்’ என்று கடைப்பிடிக்கச் சொன்னது அரசு. அந்தக் காலத்தில் வீடு வீடாகப் பரவியதுதான் ‘போர்க் கேக்’. முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. உலர்ந்த திராட்சையைச் சர்க்கரையும் வாசனைப் பொருளும் போட்டுத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மாவும் சோடாவும் கலந்து சுட்டார்கள். கொழுப்புக்குப் பலர் பன்றிக் கொழுப்பைச் சேர்த்ததுண்டு. அந்த இடத்தில் நாம் செக்கு எண்ணெய் ஊற்றினால் கணக்கு முடிந்தது.

இரண்டாம் உலகப் போரிலும் இதே கதைதான். பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. உணவுப் பங்கீடு முழுதாக நீங்க 1954 ஆனது. இனிப்புக்காகக் கேரட்டைத் துருவிப் போட்டார்கள். விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர்களைக் குறிக்கும் ‘வீகன்’ என்ற சொல்லே 1944-ல்தான் பிறந்தது. தமிழில் இப்போது ‘நனிசைவம்’ என்கிறோம். சொல் வருவதற்கு முன்பே சமையல் வந்துவிட்டது.

நம்ம பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1883-ல் தலச்சேரியில் பிஸ்கட் தயாரித்துக்கொண்டிருந்தவர் மாம்பள்ளி பாப்பு. அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து மர்டாக் பிரவுன் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டார். பிராந்திக்குப் பதிலாகப் பாப்பு எடுத்தது உள்ளூர் முந்திரிப்பழமும் கதலி வாழையும் சேர்ந்த வடிசாறு என்று அந்தக் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். அந்தக் கேக்கை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. வெளியூர்ப் பண்டத்துக்கு உள்ளூர்ப் பழம் போதும் என்று ஒருவர் 140 வருஷம் முன்பே துணிந்தார் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது.

பழத்தைச் சாராயத்தில் ஊறவைத்தால்தான் கேக் என்று சிலர் சொல்வார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த ஊர் கள்ளக்குறிச்சி. வெல்லத்துக்கு இந்த மலையில் வேறு ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும். வெல்லத் தண்ணீரில் கொதித்த பழமே போதுமான மணம் தரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாட்டு மாடு வைத்து, பஞ்சகவ்யம் கரைத்து உழவு செய்கிறவர்கள் நாம். பாலுக்கு எதிரான பேச்சு இல்லை இது. இருக்கிற கொஞ்சப் பால் கன்றுக்கும் குழந்தைக்கும் போகட்டும். கேக்குக்கு அது தேவைப்படாது. கல்வராயன் தேனுக்கும் இதில் வேலை இல்லை. தேனைச் சுட்டு வீணாக்காமல் அப்படியே சாப்பிடுங்க.

முதல் வேலை: பழத்தை உலர்த்துவது

கேக் மார்கழியில் என்றாலும், வேலை பலாக் காலத்திலேயே ஆரம்பிக்கணும். உலர்த்துவதற்குக் கெட்டிச் சுளை உள்ள வருக்கைப் பலா நல்லது. குழைந்த சுளையைக் கூழாகக் கடைந்து, தட்டில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, பாயாகச் சுருட்டலாம்.

சுளையை விரல் அகல நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். வாழைப்பழத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும். கற்பூரவள்ளி, பூவன் இரண்டும் இதற்கு ஏற்றவை. தரையில் பரப்பக் கூடாது. கயிற்றுக் கட்டிலிலோ மூங்கில் தட்டியிலோ பரப்பி, மேலே வலை போர்த்துங்கள். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடணும், இல்லையென்றால் இரவு ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல வெயிலில் 3, 4 நாள் ஆகும். மழைமூட்டம் போடும் மலையில், மூங்கில் சட்டம் அடித்துப் பாலித்தீன் தாள் போர்த்திய சூரிய உலர்த்தி கட்டிக்கொள்வது நல்லது. காற்று உள்ளே வரக் கீழேயும், ஆவி வெளியேற மேலேயும் திறப்பு விட மறக்காதீர்கள்.

துண்டை அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும். அதுதான் பதம். தோலுரித்த வாழைப்பழம் 3 முதல் 4 கிலோ காய்ந்தால் 1 கிலோ கிடைக்கும். பலாச்சுளையும் ஏறக்குறைய அப்படித்தான். காய்ந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்து தெரிந்தால் மறுபடியும் வெயிலுக்கு எடுத்துப் போங்க.

தேவையானவை

உலர்ந்த பலா, உலர்ந்த வாழை, உலர் திராட்சை, கொட்டை நீக்கிய பேரீச்சை – எல்லாம் சேர்த்து 250 கிராம்
வெல்லம் அல்லது நாட்டுச் சர்க்கரை – 150 கிராம்
தண்ணீர் – 250 மி.லி.
செக்குக் கடலை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் – 80 மி.லி.
கோதுமை மாவு – 200 கிராம்
சாமை மாவு – 50 கிராம்
நன்றாகக் கனிந்த வாழைப்பழம் – 100 கிராம், பிசைந்தது
வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அல்லது முந்திரி – ஒரு கைப்பிடி
பேக்கிங் பவுடர் – 1 தேக்கரண்டி
சமையல் சோடா – 1/2 தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
சுக்குப் பொடி, பட்டைப் பொடி – தலா 1/2 தேக்கரண்டி
கிராம்பு – 4, பொடித்தது. ஜாதிக்காய், உப்பு – ஒவ்வொரு சிட்டிகை

வெல்லம் வாங்கும்போது பளபளவென்று வெளுத்திருப்பதை எடுக்காதீர்கள். அந்த வெளுப்பு பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வந்தது. கறுத்த வெல்லத்தில்தான் கேக்குக்கு நிறமும் மணமும்.

செய்முறை

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். பழங்களைப் பொடியாக நறுக்கி அதில் போட்டு, வாசனைப் பொடிகளும் சேர்த்து 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி எண்ணெயை ஊற்றி, முழுசாக ஆறவிடணும். அவசரப்பட்டுச் சூட்டோடு மாவைக் கொட்டினால் மாவு கட்டி தட்டும். சோடாவின் வேகமும் அடுப்பில் ஏறும் முன்பே தீர்ந்துபோகும்.

இரண்டு மாவையும் பேக்கிங் பவுடர், சோடா, உப்போடு சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். ஆறிய பழக் கலவையில் பிசைந்த வாழைப்பழத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, மாவையும் கடலையையும் சேர்த்துக் கிளறுங்கள். மாவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ரொம்ப நேரம் அடித்தால் கேக் ரப்பராகும். பதம் இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழுவதாக இருக்கணும்.

முட்டை செய்யும் வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். மாவைப் பிடித்து வைப்பதும் ஈரம் காப்பதும் வாழைப்பழத்தின் வேலை. பொங்க வைப்பது சோடாவும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்து கிளப்பும் காற்று. மிருது எண்ணெயிலிருந்து வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

அவன் இல்லையா? அடுப்பு போதும்

அடிகனமான பழைய பாத்திரத்தில் சுத்தமான மணல் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, நடுவில் சின்ன முக்காலி வைத்து, மூடிப் 10 நிமிடம் சூடாக்குங்கள். கேக் பாத்திரத்தின் உள்ளே எண்ணெய் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையை விரித்து, முக்கால் அளவு கலவையை ஊற்றி உள்ளே இறக்குங்கள். மூடி, சிறு தீயில் 50 முதல் 60 நிமிடம். விறகடுப்பானால் தீயை இழுத்துவிட்டு, அடியில் தணலும் மூடிமேல் கொஞ்சம் தணலும் போடுங்கள்; மேல்பக்கமும் சிவக்கும். குக்கரில் செய்கிறவர்கள் ரப்பர் வளையத்தையும் குண்டையும் கண்டிப்பாகக் கழற்றிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் ஊற்றக் கூடாது. மின் அவன் இருந்தால் 160 முதல் 170 டிகிரி.

முதல் 40 நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். பிறகு தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். நன்றாக ஆறிய பிறகே வெட்டணும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் ருசி கூடும். ஈரமில்லாத டப்பாவில் 3, 4 நாள் வைத்துச் சாப்பிடலாம்.

சாமை மட்டும் போட்டால்?

சாமை, தினை, கேழ்வரகு எதிலும் குளூட்டன் இல்லை. அதனால் தனியாகப் போட்டால் கேக் உதிர்ந்து போகும். இங்கேதான் மரவள்ளி கைகொடுக்கிறது. ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்துச் சலித்து, 4 பங்கு சாமை மாவுக்கு 1 பங்கு சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தால் இன்னும் பிடிப்பு வரும். பெரிய கேக்காக ஊற்றாமல் சின்னக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். உடையாமல் வரும், சீக்கிரமும் வேகும்.

கோணலாகப் போனால்

நடுவில் குழி விழுந்தால், மூடியைச் சீக்கிரம் திறந்திருக்கிறோம், அல்லது சோடா கூடியிருக்கிறது. அடி கருகினால் மணலையும் தீயையும் பாருங்கள். பழம் எல்லாம் அடியில் தங்கினால் துண்டு பெரிசு, அல்லது கலவை நீர்த்திருக்கிறது. சோப்பு வாடை அடித்தால் சோடா அதிகம், புளிப்பு போதவில்லை. இரண்டு மூன்று முறை சுட்டால் அவரவர் அடுப்பின் குணம் பிடிபட்டுவிடும்.

விற்க நினைக்கிறவர்களுக்கு

முதலில் வீட்டுக்கு, அப்புறம் தெருவுக்கு, பிறகுதான் சந்தைக்கு. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். உறையில் என்னென்ன சேர்த்தோம், என்றைக்குச் சுட்டோம் என்பதை எழுதுங்கள். விலை போடும்போது சொந்தக் காட்டுப் பழம்தானே என்று பூஜ்யம் போட வேண்டாம். பழம், விறகு, நம்ம வீட்டுப் பெண்களின் உழைப்பு எல்லாவற்றுக்கும் கூலி போடுங்கள். கட்டுப்படியாகாத விலைக்கு விற்றால், ஆலைக்குப் பச்சையாக அனுப்பியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

கேக் சுட முடியாவிட்டாலும் உலர்ந்த பழத்தையே விற்கலாம். டிசம்பரில் ஊரெல்லாம் உலர்பழம் தேடும். ஊருக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு உலர்த்தி, ஒரு மாவு இயந்திரம் வைத்துக்கொண்டால், மலைச் சாமையும் கீழ்நாட்டு வெல்லமும் ஒரே பாத்திரத்தில் சேரும். வரும் பலாக் காலத்தில் ஒரு பத்துக் கிலோ சுளையை மட்டும் உலர்த்திப் பாருங்கள். மரத்தடியில் அழுகுவதில் அவ்வளவாவது குறையும்.