நின்ற வண்டியின் பிடிவாதம்

இரண்டு மாதம் ஓய்வெடுத்த மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தால் கோளாறு பெரும்பாலும் எஞ்சினில் இல்லை.

தில்லியில் ஜனவரி மாதக் காலை. வெப்பநிலை ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில். லட்சுமி நகரிலும் உத்தம் நகரிலும் வாடகைக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் கிக்கரை உதைக்கும் ஓசை ஆரம்பமாகிறது. தீபாவளிக்கும் சட் பூஜைக்குமாக பிகாருக்குப் போய், கோதுமை விதைப்பையும் முடித்துவிட்டுத் திரும்பியவர்கள், தூசி போர்த்தி நிற்கும் வண்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள். இருபது உதை, முப்பது உதை. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞருக்கும் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு அலையும் எலக்ட்ரீஷியனுக்கும் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. எனவே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவார்கள். புது பிளக் போடப்படும். அதற்கும் மசியாவிட்டால் புது பேட்டரி. சில சமயம் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இந்தத் தொல்லையைச் சந்தித்தது 2020இல். அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு அமலுக்கு வந்து வண்டிகள் நின்றன. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 1 முதல், பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. புதிதாக வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் போய், எரிபொருளைப் பீய்ச்சியடிக்கும் எஃப்.ஐ. முறை வந்துவிட்டது. பழைய வண்டிகள் நின்ற நேரத்தில் வண்டிகளின் இனமே மாறிவிட்டது. ஆகவே, கிளம்பாத வண்டியைப் பார்த்ததும் எழ வேண்டிய முதல் கேள்வி: இது அந்தத் தேதிக்கு முந்தையதா, பிந்தையதா?

முந்தையது என்றால் சந்தேகம் பெட்ரோல் மேல் விழ வேண்டும். பெட்ரோல் ஒரே திரவம் அல்ல, பலவற்றின் கலவை. அதில் சட்டென்று ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கிறது. வண்டி நின்றுகிடக்கும்போது முதலில் ஓடிப்போவதும் அந்தப் பகுதியே. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருப்பது சில ஸ்பூன் பெட்ரோல்தான். காற்று படும் இடம் என்பதால் அது வற்றி, பிசின் போன்ற படிவை விட்டுப் போகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை, சாதாரண 100 சிசி வண்டியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க இந்தப் படிவு போதும்.

இந்த நிலையில் உதைத்துக்கொண்டே இருப்பதால் காலுக்குத்தான் பயிற்சி. கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை ஒரு பாட்டிலில் வடித்துவிட வேண்டும் (சிகரெட்டும் கையுமாக அல்ல). திருகை முடுக்கி, டேப்பைத் திறந்து, டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்க ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். டாங்கில் இருப்பதும் மாதக்கணக்கில் பழையது என்றால் கொஞ்சம் புதிதாக ஊற்றுவது நல்லது. பிறகு சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உதைக்க வேண்டும். வண்டி கிளம்பி, சோக்கை விட்டதும் அணைந்துபோனால் அனேகமாக பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊத வேண்டும். குண்டூசியால் குத்துகிறவர்கள் உண்டு. துளை ஒரு முறை பெரிதாகிவிட்டால் பிறகு அந்த வண்டி மைலேஜ் கொடுக்காது.

எடுத்த எடுப்பிலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கி உதைத்தவர்களுக்கு இன்னொரு தண்டனை, ஓவர்ஃப்ளோ. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் முயல வேண்டியதுதான்.

பழைய ஸ்கூட்டர் குடும்பங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. காலையில் பஜாஜ் சேதக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி உதைக்கும் அப்பாக்களைப் பார்க்காத நகரம் இந்தியாவில் இல்லை. மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் சாய்க்கும்போது கூடுதல் பெட்ரோல் உள்ளே போய்க் கலவை கெட்டியாகும் என்பது உண்மையே. சோக் செய்யும் வேலையும் அதுதான்.

2020க்குப் பிந்தைய வண்டியில் இந்தக் கைவைத்தியம் செல்லாது. அதன் உயிர் பேட்டரியில். முதலில் ஹாண்டில்பாரில் இருக்கும் சிவப்பு ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், அது அணைந்திருப்பது தெரியாமல் அரை மணி போராடியவர்கள் ஏராளம். அடுத்து, சாவியைத் திருப்பியதும் டாங்குக்குள் இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா? அது பெட்ரோல் பம்ப். மௌனம் என்றால் ஃபியூஸையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். ரீங்காரம் கேட்டும் செல்ஃபை அழுத்தினால் ‘டக் டக்’ என்று மட்டும் வந்தால் பேட்டரி பலவீனம். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி, மீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றாமல் பலன் இல்லை. ஏற்றிப் பார்க்காமலே புதிது வாங்குவது அவசரம். ஆனால் காலியாகவே பல மாதம் கிடந்த பேட்டரி சார்ஜை ஏற்காமலும் போகலாம்.

இரண்டாவது கியரில் தள்ளிவிட்டால்? பழைய வண்டிகள் பல இதற்கு மசியும். எஃப்.ஐ. வண்டியில் பம்ப்புக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அறவே செத்திருந்தால் தெருமுனை வரை தள்ளினாலும் எழாது. கிக்கர் இருந்தாலாவது ஆறுதல். 2020 இறுதியில் மீட்டியரும் 2021இல் புதிய கிளாசிக் 350உம் கிக்கர் இல்லாமலே வந்தன. உதைத்துக் கிளப்புவதையே பெருமையாகக் கருதிய புல்லட் ரசிகர்கள் அன்று அங்கலாய்த்ததில் உணர்ச்சியோடு கொஞ்சம் நியாயமும் இருந்தது.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2022 ஜூனில் நாடு 10 சதவிகித எத்தனால் கலப்பை எட்டியது. 2025இல் அது 20 சதவிகிதம் ஆனது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதி காலியான டாங்கில் பகலும் இரவும் மாறி மாறிக் காற்று புகுந்து வெளியேறுகிறது. ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். மும்பை மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையால் வண்டியை இறுக மூடிவைப்பது இதற்கு மருந்தல்ல. உறைக்குள்ளும் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். மூடிய வண்டி எலிகளுக்கும் பிடிக்கும். ஏர் ஃபில்டரில் கூடு, கடித்த ஒயர் ஆகிய இரண்டையும் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

ஊருக்குக் கிளம்புமுன் பத்து நிமிடம் செலவிட்டால் இவற்றில் பாதி நேராது. டாங்கை நிரப்ப வேண்டும், காற்றுக்கு இடம் குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும் வரை எஞ்சினை ஓடவிட்டால் கிண்ணம் காலியாகும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவைக்க வேண்டும். திரும்பி வந்த அன்று, எஞ்சின் ஓடாத நிலையில் கிளட்சை நன்றாகப் பிடித்து, கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்கள் விடுபடும், இல்லாவிட்டால் முதல் கியரில் வண்டி பாயும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து, ‘தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள்’ என்று சொல்வது பலரின் வழக்கம். செல்ஃப் எடுத்துக்கொண்ட மின்சாரத்தை ஐந்து நிமிட ஓட்டம் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. சைலன்சரில் சேரும் ஈரமும் அந்தச் சூட்டில் போகாது. சாவியைக் கொடுப்பதென்றால், வாரம் ஒரு முறை எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லிக் கொடுக்கலாம்.